டிகிகுவானியா: இனம் சரி, வயது தப்பு. ஒரு தாடை எலும்பின் நிகழ்வு ஆய்வு

மத்தியப் பிரதேசத்தின் டிகி படிவுகளில் கிடைத்த ஒரு சின்னத் தாடை எலும்பு, 2006ல் உலகின் மிகப் பழைய பல்லி என்று அறிவிக்கப்பட்டது. ஆறு ஆண்டுகள் அந்தப் பட்டத்தை யாரும் பெரிதாக அசைக்கவில்லை. 2012ல் வேறொரு குழு அதே எலும்பை எடுத்துப் பேசியது: இது இன்றைய ஓணானின் சொந்தக்காரன், காலத்தாலும் நமக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். அந்த ஆறு ஆண்டுக் கதையும் அதன் பின்கதையும்தான் இங்கே. இரு தரப்பு ஆய்வாளர்களின் பெயரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எலும்பைப் பார்த்தவர்கள் நன்றாகவே பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் இந்த நிகழ்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பின்னணி: காலியாக இருந்த நாற்காலி

பல்லி, ஓணான், அரணை, உடும்பு, பச்சோந்தி, பாம்பு எல்லாம் ஒரே கூட்டம். செதிலூர்வன என்று சொல்வார்கள். இன்று 11,000க்கும் மேற்பட்ட இனங்கள். இந்தக் கூட்டத்துக்கு உயிரோடிருக்கும் மிக நெருங்கிய பங்காளி ஒன்றே ஒன்று: நியூசிலாந்தின் டுவாட்டரா. பார்க்கப் பல்லி போலத்தான் இருக்கும், ஆனால் பல்லி கிடையாது. இரு கிளைகளும் ஒரே முனையில் பிரிந்தவை.

டுவாட்டரா பக்கத்து உறவுகளின் எலும்புகள் ட்ரயாசிக் காலப் பாறைகளில், அதாவது 20 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய பாறைகளில், கிடைக்கின்றன. ஒரு கிளை அப்போது இருந்தது என்றால் மறு கிளையும் அப்போதே இருந்தாக வேண்டும். அண்ணன் பிறந்த தேதி தெரியும், தம்பி தனியாகப் பிரிந்து போன தேதியும் அதுதான் என்பது போன்ற கணக்கு. ஆனால் பல்லிப் பக்கத்தில் நடு ஜுராசிக் வரை, சுமார் 17 கோடி ஆண்டு வரை, சந்தேகத்துக்கு இடமில்லாத எலும்பு எதுவும் கையில் இல்லை. ட்ரயாசிக் பல்லி ஒன்று எங்கோ கிடக்கிறது, யாராவது கண்டெடுப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு துறை முழுக்க இருந்தது. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த எதிர்பார்ப்பை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த எதிர்பார்ப்பு இந்தியாவின் பக்கம் திரும்பியதற்கும் காரணம் இருந்தது. பிராணஹிதா–கோதாவரிப் பள்ளத்தாக்கின் கோட்டா படிவுகளில் இருந்து, ஜுராசிக் காலத்து பாரதகாமா என்ற ஊர்வன 2002ல் விவரிக்கப்பட்டது. ஓணான், பச்சோந்தி வகைப் பற்கள் கொண்டது என்றார்கள். ஜுராசிக்கிலேயே ஓணான் உறவு இந்தியாவில் இருந்தால், ட்ரயாசிக்கில் இன்னொன்று கிடைப்பது அப்படியொன்றும் அதிசயமில்லை.

டிகி படிவு தென் ரேவா கோண்ட்வானா படுகையில் இருக்கிறது. சிவந்த சேற்றுப்பாறையும் மணற்பாறையும். தடித்த பல்வரிசை கொண்ட ரிங்கோசார்கள், முதலை போன்ற பைட்டோசார்கள், தட்டைத் தலை கொண்ட பெரிய நீர்நில வாழ்விகள் எல்லாம் இதில் கிடைத்திருக்கின்றன. இவை பிற்கால ட்ரயாசிக்கின் முத்திரை. பாறையின் வயதில் அன்றும் இன்றும் யாருக்கும் சண்டை இல்லை.

பார்த்தது என்ன

கையில் இருந்தது ஒரே ஒரு கீழ்த்தாடை. மண்டையோடு இல்லை, முதுகெலும்பு இல்லை, கால் இல்லை. ஆனால் பல்லி வகைகளைப் பிரிக்கத் தாடை மோசமான பொருள் இல்லை. பல் எலும்பில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதே பாதி அடையாளம்.

ஓர் ஓணானின் காய்ந்த தாடையைக் கைலென்சில் பார்த்தால் இது புரியும். பக்கவாட்டுப் பற்கள் தாடையின் மேல்விளிம்பில் ஒட்டி, எலும்போடு எலும்பாக உருகிப் போயிருக்கும். எங்கே எலும்பு முடிந்து எங்கே பல் தொடங்குகிறது என்று சொல்வதே கஷ்டம். இந்தப் பற்கள் விழுந்து முளைப்பதில்லை. பிராணி வளர வளர வரிசையின் பின்பக்கம் புதிய பற்கள் சேரும். அதனால் முன்பக்கம் இருப்பவை குட்டிப் பருவத்துப் பற்கள். தேய்ந்து தேய்ந்து ஒரு மேடு போல ஆகியிருக்கும். பின்பக்கம் இருப்பவை பெரிதாக, முக்கோணமாக, கூர்மையாக. தாடையின் நுனியில் மட்டும் வேறு வகைப் பற்கள் சில இருக்கும். அவை தாடையின் உள்பக்கச் சுவரில் சாய்ந்து ஒட்டியவை, விழுந்து முளைப்பவை. ஒரே தாடையில் இரண்டு வகை. வீட்டுச் சுவரில் ஓடும் பல்லிக்கு இப்படி இருக்காது. அதற்கு எல்லாப் பற்களும் உள்சுவரில் ஒட்டியவைதான்.

டிகி தாடையில் இந்த ஓணான் ஒழுங்குதான் இருந்தது. டுவாட்டராவுக்கும் விளிம்பில் உருகிய பற்கள் உண்டு என்பதால் அந்தப் பக்கம் போகாமல் கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அதையும் செய்திருந்தார்கள்.

2006: எடுத்த முடிவும் அதன் காரணமும்

ஓணான், பச்சோந்தி வகைகளோடு உறவுள்ள ஒரு பழமையான பல்லி, காலம் பிற்கால ட்ரயாசிக் என்று முடிவானது. டிகிகுவானியா எஸ்டெசி என்று பெயர். பின்பாதி, பல்லிகளின் வகைப்பாட்டில் பெரும்பங்கு ஆற்றிய ரிச்சர்ட் எஸ்டெசின் நினைவாக.

இன்று பார்த்தால் இந்த முடிவு அவசரமாகத் தெரியலாம். அன்றைய நிலையில் அப்படி இல்லை. எலும்புகளை மட்டும் வைத்து 1988ல் வரையப்பட்ட பல்லிகளின் பரிணாம மரம்தான் அப்போது பெரும்பாலோர் கையில் இருந்தது. அதில் ஓணான், பச்சோந்தி, இகுவானா கூட்டம் மரத்தின் அடியிலேயே ஒரு பக்கம் பிரிந்துவிடும். மற்ற பல்லிகளும் பாம்பும் மறுபக்கம். அப்படியானால் மிகப் பழைய பல்லி ஓணான் சாயலில் இருப்பது ஓரளவு பொருந்துகிறது. முதலில் பிரிந்த கிளை, முதலில் கிடைக்கிறது. பாறையின் வயதும் உறுதி. இந்தியாவின் இன்னொரு படுகையில் பாரதகாமா வேறு. மூன்றும் ஒரே திசையைக் காட்டும்போது சந்தேகப்படுவதற்கு ஒருவருக்கு என்ன தூண்டுதல் இருக்கும்?

ஆனால் ஏற்கெனவே ஒரு விரிசல் விழுந்திருந்தது. 2004, 2005ல் டிஎன்ஏவை வைத்து வரைந்த மரங்கள் வேறு கதை சொன்னன. அவற்றில் ஓணான் கூட்டம் அடியில் இல்லை, உயரத்தில், பாம்புகளுக்கும் உடும்பு வகைகளுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. முதலில் பிரிந்தவை வீட்டுப் பல்லி வகைகளும் கால் மங்கிய சில மண்வாழ் பல்லிகளும். இந்த மரம் சரியென்றால், ட்ரயாசிக்கில் ஓர் ஓணான் இருப்பதற்கு அதற்கு முன்பே வீட்டுப் பல்லிக் கிளை, அரணைக் கிளை எல்லாம் பிரிந்து முடிந்திருக்க வேண்டும். அவ்வளவும் நடந்து, ஒன்றின் எலும்பும் அகப்படவில்லை என்று நம்ப வேண்டும். அந்தக் காலத்தில் டிஎன்ஏ மரத்தை எலும்பு ஆய்வாளர்களில் பலர் ஏற்கவில்லை. ஆகவே விரிசல் விரிசலாகவே இருந்தது.

இடைக்காலம்: கடிகாரத்துக்குச் சாவி

ஒரு புதைபடிவம் ஆய்விதழில் வந்ததோடு நின்றால் அதில் தவறு இருந்தாலும் சேதம் குறைவு. டிகிகுவானியா அப்படி நிற்கவில்லை. இரண்டு இனங்களின் டிஎன்ஏ வேறுபாட்டை வைத்து அவை எப்போது பிரிந்தன என்று கணக்கிடும் முறை உண்டு, மூலக்கூறு கடிகாரம் என்பார்கள். அந்தக் கடிகாரம் தானாக மணி காட்டாது. எங்காவது ஓரிடத்தில் இந்தக் கிளை குறைந்தது இத்தனை ஆண்டு பழையது என்று ஒரு புதைபடிவத்தை வைத்து முள்ளைத் திருப்பி வைக்க வேண்டும். மிகப் பழைய பல்லி என்ற பட்டம் இருந்ததால் டிகிகுவானியா அந்த வேலைக்கு அழைக்கப்பட்டது. காலக் கணிப்பு, கண்டங்கள் பிரிந்ததோடு பல்லிகளின் பரவலைப் பொருத்திப் பார்த்தல், இப்படிச் சில ஆய்வுகளில் அது ஆதாரமாக நின்றது.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்று சொல்லத் தோன்றும். ஆனால் எடுத்து விட்டுக்கொண்டவர்களுக்கு அது ஓணான் என்று தெரியாது. 21 கோடி ஆண்டு பழைய ஒன்று என்று சீட்டு ஒட்டித்தான் கொடுக்கப்பட்டது. கடிகாரம் போடுபவர்கள் பொதுவாக எலும்பைப் போய்ப் பார்ப்பதில்லை, சீட்டைத்தான் பார்க்கிறார்கள். ஒற்றை மாதிரி என்ற தகவல் அந்தச் சீட்டில் பெரிய எழுத்தில் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

2012: மறுஆய்வு

வேறொரு குழு டிகிகுவானியாவை மீண்டும் எடுத்தது. அவர்கள் எடுத்த முக்கியமான முடிவு, எலும்புத் தகவலையும் டிஎன்ஏ தகவலையும் தனித்தனியாக வைத்துச் சண்டை போடாமல் ஒரே பகுப்பாய்வில் சேர்த்தது. புதைபடிவத்துக்கு டிஎன்ஏ கிடையாது. ஆனால் இன்றைய இனங்களுக்கு இரண்டும் உண்டு. அவற்றின் உறவை டிஎன்ஏ இறுக்கிப் பிடித்துக்கொள்ள, புதைபடிவம் தன் எலும்பு அடையாளங்களால் தனக்கான இடத்தில் போய் அமரும்.

அது அமர்ந்த இடம் ஓணான் குடும்பம் மட்டும் அல்ல. அந்தக் குடும்பத்துக்குள் டிராக்கோ கூட்டம் என்று ஒரு கிளை உண்டு. நம் தோட்டத்து ஓணான், மேற்குத் தொடர்ச்சி மலையின் பறக்கும் ஓணான் எல்லாம் அதில்தான் வரும். ஆசியாவில் இன்று செழித்திருக்கும் கிளை. டிகிகுவானியா அங்கே போய் உட்கார்ந்தது. இன்றைய ஓணான்களில் இருந்து அதைப் பிரித்துச் சொல்வதே ஏறக்குறைய முடியாது என்று அந்தக் குழு எழுதியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 2006ல் சொன்னதும் ஓணான் உறவு, 2012ல் சொன்னதும் ஓணான் உறவு. உறவில் பெரிய தகராறே இல்லை. இரண்டாவது குழு அதை இன்னும் கூர்மையாக்கியது, அவ்வளவுதான். உறவு எவ்வளவு கூர்மையாகிறதோ, வயது அவ்வளவு நம்ப முடியாததாகிறது. பழமையான ஓணான் சாயல் என்றால் 21 கோடி ஆண்டைத் தாங்கும். அச்சு அசலாக இன்றைய டிராக்கோ கூட்டம் என்றால் தாங்காது. 21.6 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக அந்தத் தாடை ஒரு மாற்றமும் இல்லாமல் அப்படியே வந்து சேர்ந்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் டைனோசார்கள் பெருகி, பறவைகள் பிரிந்து, பாம்புகள் கால் இழந்து, பூச்செடிகள் தோன்றியாகிவிட்டது.

சரி, பாறை ட்ரயாசிக், எலும்பு ட்ரயாசிக் இல்லை என்றால் அது உள்ளே எப்படி வந்தது? அந்தக் குழு சொன்ன விளக்கம் எளிமையானது. டிகி சேற்றுப்பாறை பரந்த நிலப்பரப்பில் வெளியே தெரிகிறது. அது வெயிலிலும் மழையிலும் உதிர்ந்து, அதே நிற மண்ணாகி, அங்கேயே மறுபடி படிகிறது. அந்த மறுபடிவில் பிற்காலத்து ஓணான் ஒன்றின் தாடை புதைந்திருக்கலாம். காலம், கடைசி 2 கோடி ஆண்டுகளில் ஏதோ ஒரு சமயம்; ஒருவேளை கடைசி 26 லட்சம் ஆண்டுகளுக்குள்கூட. மண் பழையது, அதில் படுத்திருந்தவன் புதியவன்.

சிறு எலும்பு தேடும் முறையும் இதற்கு இடம் கொடுக்கக் கூடியது. பல்லி அளவு எலும்பை உளியால் பாறையில் தேடி எடுக்க முடியாது. மண்ணை மூட்டை மூட்டையாக அள்ளி, நீரில் ஊறவைத்து, மெல்லிய சல்லடையில் அரித்து, மிச்சத்தை நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொரு துகளாகப் பொறுக்குவதுதான் வழக்கம். அருமையான முறை, இது இல்லாமல் ஆதிகாலப் பாலூட்டிகளைப் பற்றி நமக்குப் பாதி தெரிந்திருக்காது. ஆனால் சல்லடையில் விழுந்த எலும்பு, தான் மூட்டையில் எந்த மட்டத்தில் கிடந்தது, கெட்டிப் பாறைக்குள்ளா, மேல்மண்ணிலா, வெடிப்பிலா என்று சொல்லாது. நிறமும் கைகொடுக்காது; இரும்புச் சத்துள்ள செம்மண்ணில் கிடந்தால் புது எலும்புகூட சீக்கிரம் கறுத்துப் பழசு போலாகிவிடும்.

அதற்குப் பின்

முதல் விளைவு, ட்ரயாசிக் பல்லி என்ற நாற்காலி மறுபடி காலியானது. டிகிகுவானியாவை வைத்து முள் திருப்பிய கடிகாரங்களை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று 2012 ஆய்வு வெளிப்படையாகவே கேட்டது. 2013ல் ஜெர்மனியின் வெல்பெர்க்கில் கிடைத்த, சுமார் 24 கோடி ஆண்டு பழைய தாடைகளை வைத்து வேறொரு கணக்கு வந்தது. டுவாட்டரா பக்கமும் பல்லிப் பக்கமும் பிரிந்தது ட்ரயாசிக்கில் அல்லது அதற்குச் சற்று முன். ஆனால் இன்றுள்ள பல்லி, பாம்பு எல்லாவற்றுக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்தது ஆதி ஜுராசிக்கில், சுமார் 19.3 கோடி ஆண்டுகளுக்கு முன். இந்தக் கணக்கில் ட்ரயாசிக் ஓணானுக்கு இடமே இல்லை.

பிறகு இத்தாலியின் டோலமைட் மலைகளில் இருந்து மெகாகிரெல்லா. 2003லேயே விவரிக்கப்பட்ட புதைபடிவம்தான். 2018ல் நுண் சிடி ஸ்கேன் செய்து பாறைக்குள் மறைந்திருந்த பாகங்களையும் பார்த்தபோது, சுமார் 24 கோடி ஆண்டு பழைய அது பல்லிக் கிளையின் அடித்தண்டில் நிற்கிறது என்றார்கள். அதாவது பல்லிகளை நோக்கிப் போகும் பாதையில் உள்ளது, இன்றைய எந்தப் பல்லிக் குடும்பத்துக்கும் சொந்தமில்லை. ட்ரயாசிக் பல்லி உறவு ஒன்று எப்படி இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டிருந்தால், பெரும்பாலோர் இந்த மாதிரி ஒன்றைத்தான் சொல்லியிருப்பார்கள். அரைகுறையாகப் பல்லி, அரைகுறையாக வேறெதுவோ.

நாற்காலிக்கான போட்டி ஓயவில்லை. இங்கிலாந்தில் பிரிஸ்டல் பக்கத்துக் குவாரி ஒன்றில் 1950களில் எடுத்து, அருங்காட்சியக இழுப்பறையில் கிடந்த சுமார் 20 கோடி ஆண்டு பழைய எலும்புகள், கிரிப்டோவாரனாய்டிஸ் என்ற பெயரில் 2022ல் நவீனப் பல்லி என்று அறிவிக்கப்பட்டன. மறு ஆண்டே இன்னொரு குழு அதை மறுத்தது. அங்கே சண்டை எலும்பின் அடையாளங்களைப் பற்றியது, வயதைப் பற்றியது இல்லை. பாரதகாமாவும் தன் இடத்தில் நிம்மதியாக இல்லை. டுவாட்டரா பக்கம் சேர வேண்டியதாக இருக்கலாம் என்ற கருத்து உண்டு. அதன் வயதை யாரும் கேட்பதில்லை, காரணம் அது ஒற்றைத் தாடை இல்லை, அதே படிவில் ஏராளமான துண்டுகள்.

டிகிக்குத் திரும்பினால் கதையில் இன்னொரு சுற்று இருக்கிறது. அதே படிவில் இருந்து ஒற்றைப் பல் ஒன்றை வைத்து டிகிதேரியம் என்ற விலங்கு 2005ல் விவரிக்கப்பட்டது. பாலூட்டிகளின் மிகப் பழைய உறவுகளில் ஒன்று, அந்தக் காலத்துக்கு வியக்கத்தக்க அளவு முன்னேறிய பல் என்று பேசப்பட்டது. 2024ல் வந்த மறுஆய்வு அதை மூஞ்சூறு என்றது. ட்ரயாசிக் இல்லை, கடந்த 2.3 கோடி ஆண்டுகளுக்கு உட்பட்ட மூஞ்சூறு. காலத்தை மீறி முன்னேறியதாகத் தெரிந்ததற்குக் காரணம் அது அந்தக் காலத்தைச் சேர்ந்ததே இல்லை. ஓணானுக்கு நடந்தது 2012லேயே தெரிந்த பிறகும் பக்கத்துப் பல்லை யாரும் சந்தேகித்துத் தீர்க்க இன்னும் 12 ஆண்டுகள் ஆயின. இதுதான் இந்த முழு நிகழ்வில் என்னை அதிகம் உறுத்துவது.

இன்று இதே தாடை கிடைத்தால்

முதலில் இன்றைய எலும்புக்கூடுகளின் பெட்டியைத் திறக்க வேண்டும். ட்ரயாசிக் பொருளைக் கையில் வைத்திருப்பவர் மற்ற ட்ரயாசிக் பொருள்களோடு ஒப்பிடுவது இயல்பு. அதற்கு முன், படிவுக்கு மேலே இன்று ஓடித் திரியும் ஓணான், அரணை, எலி, மூஞ்சூறு இவற்றின் எலும்போடு ஒப்பிட்டு, வித்தியாசம் என்ன என்று எழுதிக் காட்ட வேண்டும். வித்தியாசம் காட்ட முடியவில்லை என்றால் அதுவே தகவல்.

அடுத்து மண். கெட்டிப் பாறையையும் உதிர்ந்த மேல்மண்ணையும் தனித்தனி மூட்டையாக அரிக்கலாம். சந்தேகமான எலும்பில் ஒட்டியிருக்கும் மண்ணைக் கழுவித் தள்ளாமல் கொஞ்சம் விட்டுவைக்கலாம். புதைந்த எலும்பு நிலத்தடி நீரில் இருந்து அருமண் தனிமங்களை உறிஞ்சும். ஒரே இடத்தில் ஒரே காலத்தில் புதைந்தவற்றில் அவற்றின் விகிதம் ஒத்துப்போகும். பக்கத்தில் கிடைத்த ரிங்கோசார் எலும்போடு இந்தத் தாடை ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். கார்பன் கணிப்பு 50,000 ஆண்டுக்கு மேல் போகாது, எலும்பில் புரதம் மிச்சமிருக்கவும் வேண்டும். இருந்தாலும், வயது கிடைத்துவிட்டால் வழக்கு அன்றே முடிந்துவிடும். சிக்கல் என்னவென்றால் இவற்றில் சில எலும்பைக் கொஞ்சமாவது சிதைக்கும். கையில் இருப்பது ஒன்றே ஒன்று, அதுவும் பெயர் தாங்கி நிற்கும் மூல மாதிரி என்றால் எந்தக் காப்பாளரும் உடனே தலையாட்ட மாட்டார்.

அப்புறம், டிகி மண்ணை அரித்ததில் கிடைத்த மற்ற சின்னப் பற்களும் தாடைத் துண்டுகளும் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை உண்மையிலேயே ட்ரயாசிக்காக இருக்கும். எது எது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் வேலை பாக்கி இருக்கிறது.